சபைக்குச் செயலாளர், பொருளாளர்: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தீர்கள்?

கேட்டவர்:
எங்கள் சபையில் சீக்கிரம் கமிட்டித் தேர்தல் வருகிறது. செயலாளர் பதவிக்கு ஒருவர் தாமாகவே முன்வந்திருக்கிறார். மைக் பிடித்து ஜெபித்தாரென்றால் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பலர் மனதில் இருப்பவர் வேறொருவர். அவரோ "என்னை விட்டுவிடுங்கள்" என்கிறார். "ஜெபம் பண்ணுங்கள், கர்த்தர் காட்டுவார்" என்கிறார்கள் பெரியவர்கள். ஜெபிக்கிறேன். கண்ணைத் திறந்த பிறகு எதைப் பார்ப்பது? அனுபவப்பட்டவர்கள் எழுதுங்கள்.

கணக்குக் குழுவில் இருந்தவர்:
நான் பொருளாளர் கதை சொல்கிறேன். எங்கள் சபையில் ஒருவரைப் போட்டியே இல்லாமல் தேர்ந்தெடுத்தார்கள். காணிக்கையைத் தாராளமாகக் கொடுப்பவர், சொந்தத் தொழில், பெரிய இடம். அவரிடம் போய் யார் கணக்குக் கேட்பது? துணிந்து யாராவது ரசீது கேட்டால், "என்மேல் நம்பிக்கை இல்லையா பிரதர்?" என்பார். கேட்டவர்தான் தலைகுனிந்து போவார். பதவிக்காலம் முடிந்து கோப்பு எங்கள் கைக்கு வந்தது. வெவ்வேறு மாதத்து வவுச்சர்கள். எல்லாவற்றிலும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே மடிப்பு. ஒரே ராத்திரியில் உட்கார்ந்து எழுதியது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பணம் கைமாறியதா, வெறும் சோம்பலா என்பது கடைசிவரை தெரியவில்லை. சபை இரண்டுபட்டதுதான் மிச்சம்.

எருசலேம் விசுவாசிகளுக்காகச் சேர்த்த தர்மப் பணத்தைப் பவுல் தன் கையிலேயே வைத்துக்கொள்ளவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரனையும் கூடச் சேர்த்துக்கொண்டார். ஒருவரும் தங்களைக் குற்றப்படுத்தக் கூடாது என்று காரணமும் எழுதினார் (2 கொரிந்தியர் 8). அப்போஸ்தலனே அப்படி என்றால் நம்ம ஆட்கள் எம்மாத்திரம்? இப்போதெல்லாம் நான் பார்ப்பது ஒன்றுதான்: கணக்குக் கேட்டால் ஆளுக்குக் கோபம் வருகிறதா?

இன்னொருவர்:
"ஜெபித்தால் போதும்" என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசின் இடத்துக்கு வேறொரு அப்போஸ்தலனைத் தெரிந்தெடுக்கச் சீட்டுப் போட்டார்களே, அதற்கு முன்பே பேதுரு தகுதியைச் சொல்லிவிட்டார்: யோவான் ஞானஸ்நானம் கொடுத்த நாள் முதல் இயேசுவோடு கூடவே இருந்தவராக இருக்க வேண்டும். அந்தத் தகுதியோடு இரண்டு பேரை நிறுத்திய பிறகுதான் ஜெபம், அப்புறம் சீட்டு.

ஒரு சகோதரி:
எங்கள் சபையில் பிரச்சினை வேறு. புதிதாக வந்து சேர்ந்த குடும்பங்கள், "வீடு சந்திப்புக்கு எங்கள் பக்கம் யாரும் வருவதில்லை" என்று முணுமுணுத்தார்கள். பழைய ஆட்களிலேயே இன்னொருவரைப் போடலாம் என்று பேச்சு ஓடியது. எங்கள் போதகர் அப்போஸ்தலர் 6-ஐத் திறந்து, விதவைகளுக்கான அன்றாட விசாரிப்பைக் கவனிக்க ஆதிச் சபை தெரிந்தெடுத்த ஏழு பேரின் பெயரையும் வாசிக்கச் சொன்னார். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். கவனிப்பாரில்லை என்று முறையிட்டதும் கிரேக்க விதவைகள் பக்கம்தான். குறை யார் பக்கமோ அவர்கள் பக்கத்து ஆட்களிடமே பொறுப்பு போயிருக்கிறது போலும். நாங்களும் புதிய குடும்பங்களிலிருந்தே ஒரு அக்காவைத் தேர்ந்தெடுத்தோம். அவர் மேடையில் பேசி நான் கேட்டதே இல்லை. ஆனால் யார் வீட்டில் யாருக்கு எப்போது ஆபரேஷன் என்பது அவருக்குத் தெரியும்.

வேறொருவர்:
வேலை செய்கிற இடத்தில் விசாரியுங்கள். 1 தீமோத்தேயு 3:7 புறம்பானவர்களிடத்திலும் நற்சாட்சி கேட்கிறது. முக்கியமாக, அவருக்குக் கீழே வேலை செய்பவர்களிடம்.

வரலாறு படிப்பவர்:
"புதிதாக வந்தவனுக்குப் பொறுப்பு கொடுக்காதே" என்பதும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் 374-இல் மிலான் நகரத்து ஜனங்கள் ஞானஸ்நானமே பெறாத அம்புரோசைப் பேராயராகக் கேட்டு ஆரவாரம் செய்தார்கள். சில நாட்களில் ஞானஸ்நானமும் ஆனது, அபிஷேகமும் ஆனது. விதிவிலக்குதான். ஆனால் அவர் அந்தப் பகுதியின் ஆளுநராக இருந்தவர். சபைக்குப் புதியவரே தவிர, ஊருக்குப் புதியவர் அல்ல. பதவி வேண்டாம் என்று தட்டிக்கழிக்கவும் பார்த்தார்.

கணக்குக் குழுவில் இருந்தவர்:
அந்த "வேண்டாம்" விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. நியாயாதிபதிகள் 9-இல் யோதாம் சொன்ன கதையை, பதவி ஆசை பிடித்த அபிமெலேக்கை மட்டும் குத்துவதாக எடுத்துக்கொள்கிறோம். ராஜாவைத் தேடிய மரங்கள், ஒலிவமரம், அத்திமரம், திராட்சச்செடி மூன்றும் மறுத்ததால்தானே முட்செடியிடம் போயின? கேட்ட சகோதரரே, அந்த அமைதியான மனிதரிடம் ஏன் வேண்டாம் என்று யாராவது உட்கார்ந்து கேட்டீர்களா? மாமனார் எத்திரோ மோசேயிடம், நியாயம் விசாரிக்க வைக்கும் ஆட்களின் குணத்தை மட்டும் சொல்லவில்லை. ஆயிரம், நூறு, ஐம்பது, பத்து என்று சுமையையும் பிரிக்கச் சொன்னார்.

கேட்டவர்:
நேற்றுக் கேட்டேன். கூட்டங்கள் எல்லாம் ராத்திரியில் நடக்கிறதாம், படுக்கையில் இருக்கும் அம்மாவைத் தனியாக விட முடியாதாம். சரி, கூட்டத்தை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வைத்து, கடிதப் போக்குவரத்துக்கு ஒரு உதவியாளரையும் கொடுத்தால் சம்மதமா என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.