ஆல்டோ கே10ல டர்போ போடலாமா? கடலூர், பாண்டி ஆளுங்க சொல்லுங்க

மஞ்சக்குப்பம் தம்பி:
அண்ணனுங்களா, நம்ம வண்டி பழைய ஆல்டோ கே10 பெட்ரோல், 998 சிசி, 68 பிஎஸ் (குதிரைசக்தி). தனியா போனா நல்லாத்தான் போவுது, ஆனா வீட்டு ஆளுங்க நாலு பேர் ஏறி ஏசியும் போட்டு ஈசிஆர்ல சென்னை போறப்ப மரக்காணம் தாண்டி ஒரு பஸ்ஸ ஓவர்டேக் எடுக்கணும்னா ஏசிய ஆஃப் பண்ணி தேர்டு கியருக்கு இறக்கி மிதிக்க வேண்டியிருக்கு. சின்ன டர்போ (எக்ஸாஸ்ட் புகையால சுத்தி, காத்த அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்றது) போட்டு 90 பிஎஸ் வந்தா போதும். மாருதியோட டர்போ காரு பலேனோ ஆர்எஸ்லயும் இதே 998 சிசி மூணு சிலிண்டர்தான், அதுல 102 வருது, இதுல ஏன் வராது?

முதலியார்பேட்டை சேகர்:
வேணாம் தம்பி. சிசி ஒன்னா இருந்தா இன்ஜின் ஒன்னாயிடாது. ஆர்எஸ்ல இருக்கறது பூஸ்டர்ஜெட்ங்கற டர்போ இன்ஜின், டைரக்ட் இன்ஜெக்‌ஷன், பெட்ரோல் நேரா சிலிண்டருக்குள்ள போய் ஆவியாகறப்ப உள்ள சூட்டையும் குறைக்குது, உன்னுதுல வெளிய, காத்து உள்ள வர்ற இன்டேக் வழிலதான் அடிக்குது. அப்படி டர்போவுக்குன்னே செஞ்ச இன்ஜினையே ஐரோப்பாவுல 111 பிஎஸ்னு வித்தவன் இங்க 102ன்னு இறக்கித்தான் குடுத்தான். பின்னாடியும் டிஸ்க் பிரேக் வச்சுக் குடுத்தான். உன் வண்டில பின்னாடி டிரம், டயர் அகலம் வெறும் 155 மிமீ, அத வச்சுகிட்டு 90 பிஎஸ்ஸ எப்படி நிறுத்துவ?

வில்லியனூர் பட்டறை:
சேகர் சார் பிரேக் பத்தி சொல்றது சரி, ஆனா முடியவே முடியாதுங்கறது தப்பு. டர்போ ஏத்தற எக்ஸ்ட்ரா காத்தழுத்தம், அதான் பூஸ்ட், 0.3, 0.4 பாரோட நிறுத்திக்கிட்டா சாதா இன்ஜினும் தாங்கும், உலகம் பூரா பண்றாங்க. எங்க கோட்ட விடறாங்கன்னா டர்போவ மட்டும் வாங்கி மாட்டிட்டு மத்தத எல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்னு விடறாங்க. கம்பெனி வச்ச மேப் சென்சாருக்கு (இன்டேக் காத்தழுத்தத்த அளக்கறது) வெளிக்காத்து அழுத்தத்துக்கு மேல படிக்கவே தெரியாது, அப்ப இன்ஜின் கம்ப்யூட்டர் ஈசியுக்கு எக்ஸ்ட்ரா காத்து வந்ததே தெரியாம பழைய கணக்குலயே பெட்ரோல் விடும், மிக்ஸ்சர் லீன் ஆகி, அதாவது காத்துக்கு ஏத்த பெட்ரோல் இல்லாம, பிஸ்டன் போயிடும். சென்சார், பெரிய இன்ஜெக்டர், ஃபியூயல் பம்ப், தனி ஈசியு, டர்போ காத்த ஆற வைக்கற இன்டர்கூலர் எல்லாம் சேந்ததுதான் டர்போ வேலை.
இன்னொன்னு யாருமே பேச மாட்டாங்க, ஆயில் ரிட்டர்ன் லைன். டர்போவுக்குள்ள ஷாஃப்ட் நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல போவுது, அங்கேந்து ஆயில் நுரையாத்தான் வெளிய வரும், பிரஷர் இருக்காது, தானா வழிஞ்சு இறங்கணும். அதனால பைப் நல்ல தடிமனா, எங்கயும் மேல ஏறாம சரிவா வந்து ஆயில் சேம்பர்ல ஆயில் மட்டத்துக்கு மேல சேரணும். சேம்பர கழட்டி ஓட்ட போட்டு நிப்பிள் வெல்டு வைக்க சோம்பப்பட்டு குறுக்கு வழில விட்டா ஆயில் அங்கயே தேங்கி சீல் வழியா எக்ஸாஸ்ட்டுக்கு வந்து நீலப் புகை தள்ளும், உடனே டர்போ டூப்ளிகேட்டுன்னு கத்துவாங்க.

முதலியார்பேட்டை சேகர்:
நீங்க சுத்தமா வேலை பாப்பீங்கண்ணே, ஒத்துக்கறேன். ஆனா நம்ம ஊர் வெயில்? 0.4 பார் அமுக்கினாலே 38 டிகிரி காத்து 80 டிகிரிய தாண்டி வெளிய வரும், இன்டர்கூலர் எவ்ளோ இறக்கினாலும் வெளிய இருக்கற சூட்டுக்கு கீழ போவாது. பங்க்ல போடறது சாதா பெட்ரோல்தான். மே மாசம் கடலூர் சிப்காட் பக்கம் டிராஃபிக்ல நின்னுட்டு திடீர்னு மிதிச்சா நாக்கிங் (சூட்டுல பெட்ரோல் தானா தப்பா வெடிக்கறது) வராம என்ன பண்ணும்? ரெண்டு மூணு தடவ பலமா நாக் ஆனா பிஸ்டன்ல ரிங் உக்காரற எடமே உடையும்.
அப்பறம் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி கம்பெனி குடுத்த விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக்கூடாது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதத்தான் சொல்லிச்சு. 182ஏ பிரிவுல ஒரு மாற்றத்துக்கு 5000 ரூபா ஃபைன், ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலும் இருக்கு. இதெல்லாம் விடு, யாரையாவது இடிச்சிட்டா இன்சூரன்ஸ்காரன் முதல்ல பானட்டதான் தூக்கிப் பாப்பான், உள்ள டர்போ இருந்தா கிளைம நிறுத்த அது போதாதா?

மஞ்சக்குப்பம் தம்பி:
சிஎன்ஜி கிட் வச்சா ஆர்சில ஏத்திக் குடுக்கறாங்களே சார், இதுக்கு மட்டும் ஏன் இல்ல?

முதலியார்பேட்டை சேகர்:
அது அரசாங்கம் டெஸ்ட் பண்ணி அப்ரூவல் குடுத்த கிட். பட்டறைல வெல்டு வச்சு செய்யற மேனிஃபோல்டுக்கு (டர்போவ இன்ஜினோட சேக்கற பைப்பு) அப்ரூவல் யார் குடுப்பா?

வில்லியனூர் பட்டறை:
அதத்தான் நானும் கேக்கறேன், சிஎன்ஜிக்கு ஒரு வழி இருந்தா இதுக்கும் டெஸ்ட் வச்சு ஒரு வழி திறக்கணும். வேலை கத்துக்கற பசங்கள எல்லாம் குத்தவாளி மாதிரி பாத்தா எப்படி? கோயம்புத்தூர் கரி டிராக்லயும் இருங்காட்டுக்கோட்டைலயும் ஓட்டற வண்டிங்கள செய்யறவங்களும் இப்படி பட்டறைல கை அழுக்காக்கி வந்தவங்கதான்.

முதலியார்பேட்டை சேகர்:
டிராக்ல ஓட்டட்டும்ணே, நானே வந்து கை தட்டறேன். இந்தத் தம்பி வீட்டு ஆளுங்கள ஏத்திகிட்டு ஈசிஆர்ல ஓவர்டேக் எடுக்கக் கேக்கறான். எதிர்ல வேன் வரும், ஆடு வரும். மிதிச்சதுக்கும் டர்போ சுத்தி வேகம் எடுக்கறதுக்கும் நடுவுல வர்ற தாமதம், அதான் டர்போ லேக், அதுல பவர் ஒரு நொடி லேட்டா வந்தாலே கணக்கு தப்பிடும். அந்தக் காசுக்கு மேல கொஞ்சம் போட்டு கம்பெனி டர்போ வண்டி செகண்ட் ஹேண்டுல எடுக்கச் சொல்லுங்க.

மஞ்சக்குப்பம் தம்பி:
லோன் எடுக்கற நிலைமை இல்ல சார். இருக்கற வண்டிய நல்லா பண்ணணும், அவ்ளோதான்.

வில்லியனூர் பட்டறை:
அப்ப டர்போவ இப்ப பேசாத. முதல்ல சிலிண்டர்ல அழுத்தம் சரியா இருக்கான்னு கேஜ் வச்சு பாக்கற கம்ப்ரஷன் டெஸ்ட் பண்ணு. இன்ஜின் சூடா இருக்கணும், மூணு பிளக்கும் கழட்டணும், ஃபியூயல் பம்ப் ஃபியூஸ எடுத்துடு, ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சுகிட்டு செல்ஃப் அடிச்சு ஒவ்வொரு சிலிண்டர்லயும் ரீடிங் எடு. ஒன்னு மட்டும் ரொம்ப கம்மியா இருந்தா அதுல கொஞ்சம் ஆயில் விட்டு திரும்ப பாரு, ஏறினா ரிங், ஏறலன்னா வால்வு இல்ல கேஸ்கெட். கிளட்ச் நழுவுதான்னும் பாரு, பிரேக் ஒட்டிப் புடிக்குதான்னு வீல தூக்கி சுத்திப் பாரு. வயசான வண்டில பிக்கப் பாதி இங்கதான் போயிருக்கும். ரீடிங் வந்ததும் இங்கயே போடு, சேகர் சாரும் பாக்கட்டும்.