சர்வருக்குக் கண்ட்ரோல் பேனல் தேர்ந்தெடுத்த அனுபவங்கள்

முதற்பதிவு

ஒரே சர்வரில் நாற்பத்தொரு வாடிக்கையாளர்களின் தளங்களை ஏழு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். சர்வரையும் தளங்களையும் உலாவி வழியாக நிர்வகிக்க உதவும் மென்பொருளான கண்ட்ரோல் பேனலைத் தொடக்கத்தில் தேர்ந்தெடுத்தபோது நான் பார்த்ததெல்லாம் அதன் திரையைத்தான். வேர்ட்பிரஸை ஒரே சொடுக்கில் நிறுவ முடியுமா, வாடிக்கையாளர் தாமாகவே கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ள முடியுமா என்பவற்றையே கேட்டேன். ஓரளவு பெயர்பெற்ற எந்தப் பேனலும் இந்தக் கேள்விகளில் தோற்பதில்லை என்பதால், அவற்றை வைத்துத் தேர்ந்தெடுத்ததைத் தேர்வு என்றே சொல்ல முடியாது.

என்னை விழிக்கவைத்தது உரிமக் கணக்கு. சி-பேனல் என்ற வணிகப் பேனல் 2019 செப்டம்பர் முதல், சர்வருக்கு ஓர் உரிமம் என்ற பழைய முறையை விட்டுவிட்டு, சர்வரில் உள்ள கணக்குகளின் எண்ணிக்கையைப் பொறுத்து உரிமம் வழங்கும் முறைக்கு மாறியது. பிளெஸ்க் என்ற இன்னொரு பேனல் பத்து டொமைன், முப்பது டொமைன், வரம்பில்லாதது எனப் படிகளாகப் பிரித்துத் தருகிறது. நான் வைத்திருந்த வணிகப் பேனலும் எண்ணிக்கை பார்க்கும் வகைதான். ஆனால் நானோ ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு கணக்கு, அவருடைய சோதனைத் தளத்துக்கு இன்னொரு கணக்கு என்று தாராளமாகத் திறந்துவைத்திருந்தேன். ஒருநாள் உட்கார்ந்து எண்ணியபோது மொத்தம் 58 கணக்குகள் இருந்தன. அவற்றில் 14 கணக்குகள் யாரும் எட்டிப் பார்க்காத சோதனைப் பிரதிகள்; மூன்று கணக்குகள் தொழிலையே மூடிவிட்ட வாடிக்கையாளர்களுடையவை. முடக்கிவைத்த கணக்கும் உரிமத்தில் எண்ணப்படும் என்பதை நான் அதுவரை படித்ததில்லை. அது பேனலின் பிழையன்று, என் பிழை.

சர்வரில் ஓடிய இயங்குதளமான சென்ட்ஓஎஸ் 7 பதிப்புக்கான ஆதரவும் 2024 ஜூன் 30 அன்று முடிந்துபோனது. பெரும்பாலான பேனல்கள் வேறெதுவும் நிறுவப்படாத புதிய இயங்குதளத்தின் மீதே நிறுவப்பட வேண்டும் என்று கேட்கின்றன. ஆகவே எப்படியும் புதிய சர்வர்தான் என்றான பிறகு, பேனலையும் மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறேன். மாறியவர்கள் எங்கே சிக்கினீர்கள் என்று எழுதினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

நண்பரே, நான் சிக்கியது மின்னஞ்சலில். தளத்தை இடம் மாற்றுவது கோப்புகளையும் தரவுத்தளத்தையும் நகர்த்தும் வேலைதான். அதில் தவறினால் உடனே கண்ணில் படும். மின்னஞ்சலில் தவறினால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் வராத மடலைப் பற்றி யாருக்கும் தெரியாது.

ஒரு வாடிக்கையாளரின் மின்னஞ்சலை மட்டும் வெளியே உள்ள அஞ்சல் சேவைக்கு மாற்றி, டொமைனுக்கான மடல் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவையும் திருத்தி, சோதனை மடல் அனுப்பிப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். பதினோரு நாள்கள் கழித்து, தளத்தின் தொடர்புப் படிவம் வழியாக ஒரு விசாரணைகூட வரவில்லை என்று அவர் அழைத்தார். பழைய அஞ்சல் பெட்டிக்குரிய கோப்புறையைத் திறந்து பார்த்தால், அத்தனை விசாரணைகளும் அங்கே வரிசையாகக் குவிந்து கிடந்தன. பேனலில் அந்த டொமைன் இன்னும் உள்ளூர் அஞ்சல் என்றே குறிக்கப்பட்டிருந்ததால், அதே சர்வரிலிருந்து கிளம்பிய மடல்கள் எம்எக்ஸ் பதிவைப் பாராமலேயே உள்ளே இறங்கியிருக்கின்றன. நான் அனுப்பிய சோதனை மடலோ வெளியிலிருந்து வந்ததால் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

எனவே எந்தப் பேனலைப் பார்த்தாலும், மின்னஞ்சலை அது எப்படி நடத்துகிறது என்பதையே நான் முதலில் கேட்கிறேன். கிளவுட் பேனல் என்ற பேனலில் அஞ்சல் சர்வரே கிடையாது. அதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கோ அது நேர்மையாகவே படுகிறது. பல கிளவுட் நிறுவனங்கள் மடல் வெளியே போகும் வழியான 25-ஆம் போர்ட்டைத் தொடக்கத்திலேயே அடைத்துவைப்பதால், அஞ்சல் வசதியுள்ள பேனலை நிறுவினாலும் மடல் வெளியே போகும் என்ற உறுதி இல்லை. ஐபி முகவரி எந்தப் பெயருக்குரியது என்று காட்டும் தலைகீழ் டிஎன்எஸ் பதிவையும் பேனலிலிருந்து அமைக்க முடியாது. ஐபி முகவரியைத் தந்த நிறுவனத்திடம்தான் அமைக்க வேண்டும்.

மறுமொழி 2

என் அனுபவம் சிறியது. ஒரு ஜிபி நினைவகம் கொண்ட சர்வரில் இலவசப் பேனல் ஒன்றை நிறுவும்போது, நிறுவல் நிரல் கேட்டவற்றுக்கெல்லாம் சம்மதம் தந்துவிட்டேன். வைரஸ் வடிகட்டியான கிளாம்ஏவி-யும் அதில் ஒன்று. வைரஸ் அடையாளங்களை ஏற்றிவைக்கவே அதற்கு ஏறத்தாழ ஒரு ஜிபி வேண்டும். புதிய பட்டியலை ஏற்றும் நேரத்தில் பழையதும் புதியதும் சேர்ந்து நினைவகத்தில் நிற்கக்கூடும். அப்படிப்பட்ட நேரங்களில் நினைவகம் போதாமல், இயங்குதளத்தின் மையமான கர்னல், தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல்-ஐக் கொன்றுவிடும். தளங்கள் எல்லாம் தரவுத்தள இணைப்புப் பிழையைக் காட்டும். கர்னல் பதிவேட்டில் நினைவகம் தீர்ந்ததாக ஒரு வரியும், அதன் கீழே மைஎஸ்கியூஎல் கொல்லப்பட்டதாக இன்னொரு வரியும் இருந்தன. அதைப் பார்க்கும் வரை, மூன்று வாரம் வேர்ட்பிரஸ் செருகுநிரல்களையே குறைசொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுமொழி 3

பேனல் என்பது உலாவியில் திறக்கும் ரூட் உரிமை, அதாவது சர்வரில் எதையும் செய்யக்கூடிய முழு அதிகாரம். இதை மறந்துவிட்டு வசதிகளை ஒப்பிடுவது எனக்கு வியப்பாக இருக்கிறது. 2024 அக்டோபரில், கடவுச்சொல் இல்லாமலேயே ரூட் உரிமையோடு கட்டளைகளை இயக்க இடமளிக்கும் ஓட்டைகள் சைபர் பேனல் என்ற இலவசப் பேனலில் வெளிப்பட்டன. அப்போது இணையத்தை நோக்கித் திறந்திருந்த 22,000 அளவிலான சர்வர்கள் குறிவைக்கப்பட்டு, பலவற்றில் கோப்புகள் பூட்டப்பட்டன. இலவசம் என்பதால்தான் இப்படி என்று முடிவுகட்ட வேண்டாம். புதியது என்பதால் என்றும் வேண்டாம். இருபதாண்டு கடந்த வெப்மின் என்ற பேனலிலும், 1.890 முதல் 1.920 வரையான பதிப்புகளின் பதிவிறக்கத் தொகுப்பில் யாரோ புகுத்திய பின்கதவு இருந்தது 2019-இல் தெரியவந்தது.

நான் பேனல் போர்ட்டை வெளியுலகுக்குத் திறப்பதே இல்லை. ஹெஸ்டியா பேனலின் 8083, டைரக்ட் அட்மினின் 2222, வெப்மினின் 10000 என எதுவாயினும் ஃபயர்வாலில் அடைத்துவிட்டு, எஸ்எஸ்எச் சுரங்கம் என்ற மறையாக்கப்பட்ட இணைப்பு வழியாக மட்டுமே நுழைகிறேன். முதலில் என் வீட்டு ஐபி முகவரிக்கு மட்டும் அனுமதி தந்திருந்தேன். ஒருநாள் ரவுட்டர் அணைந்து எழுந்தபோது முகவரி மாறிவிட, நானே வெளியே நின்றேன். சர்வர் நிறுவனத்தின் அவசரக் கன்சோல் வழியாகத்தான் மீள முடிந்தது. ஆனால் வாடிக்கையாளர்கள் தாமாக உள்நுழைய வேண்டும் என்றால் இந்த வழி உதவாது. கதவைத் திறந்துதான் வைக்க வேண்டும். ஆகவே ஐயா, உங்கள் நாற்பத்தொரு பேரில் எத்தனை பேர் உண்மையில் பேனலைத் திறக்கிறார்கள் என்று பார்த்தீர்களா?

முதலில் எழுதியவர் – ஆறு வாரங்களுக்குப் பின்

கடைசி மறுமொழியில் இருந்த கேள்விதான் முடிவை எடுக்கவைத்தது. உள்நுழைவுப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். கடந்த ஓராண்டில் பேனலுக்குள் வந்த வாடிக்கையாளர்கள் ஆறு பேர். அவர்களிலும் நால்வர் கடவுச்சொல் மறந்து என்னிடம்தான் கேட்டிருக்கிறார்கள். ஏனைய முப்பத்தைந்து பேருக்காக இத்தனை ஆண்டுகள் ஒரு கதவைத் திறந்துவைத்திருந்தேன்.

எனவே சர்வரை இரண்டாகப் பிரித்துவிட்டேன். தாமாக உள்நுழையும் ஆறு பேருக்கு டைரக்ட் அட்மின். நான் மட்டுமே கையாளும் தளங்களுக்கு, டெபியன் இயங்குதளத்தின் மீது ஹெஸ்டியா. அதன் போர்ட் அடைக்கப்பட்டிருக்கிறது, வைரஸ் வடிகட்டியையும் நிறுவவில்லை.

முடிவுக்கு வருமுன், பட்டியலில் இருந்த ஒவ்வொரு பேனலையும் காலியான சர்வரில் நிறுவி, ஒரு தளத்தின் காப்புநகலை அதில் மீட்டுப் பார்த்தேன். ஒத்திகைக்கு எடுத்த தளம் முதல் முயற்சியிலேயே விசித்திரமாக நடந்தது: முகப்பைத் திறந்தால் பக்கம் தோன்றாமல், பக்கத்தை உருவாக்கும் நிரலான பிஎச்பி கோப்பு அப்படியே பதிவிறங்கியது. தேடிப் பார்த்ததில், பழைய பேனல் பிஎச்பி பதிப்பைத் தேர்வதற்காக தளத்தின் அமைப்புகளைச் சொல்லும் எச்டிஆக்சஸ் கோப்பின் அடியில் தானாகவே எழுதிவைத்த நான்கு வரிகள் அகப்பட்டன. புதிய சர்வரில் அந்தப் பெயரில் பிஎச்பி-யை இயக்கும் எந்தக் கையாளியும் இல்லாததால், வலைச் சர்வர் மென்பொருளான அப்பாச்சி அந்தக் கோப்பை இயக்காமல் உள்ளபடியே அனுப்பியிருக்கிறது. அது அமைவுக் கோப்பாக இருந்திருந்தால் தரவுத்தளக் கடவுச்சொல்லும் அப்படியே வெளியே போயிருக்கும். வரிகளை நீக்கியதும் தளம் எழுந்தது. பிற தளங்களிலும் அதே வரிகள் இருந்தன. நகர்த்துவதற்கு முன்பே நீக்கிவிட்டேன்.

குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் பணிகள் மட்டும் கண்ணுக்குத் தப்பின. அவற்றில் பழைய பேனலின் பிஎச்பி இருந்த பாதை முழுதாக எழுதப்பட்டிருந்ததால், மூன்று தளங்களில் இரவு வேலைகள் நான்கு நாள் ஓடவில்லை.

மின்னஞ்சல் பற்றிய எச்சரிக்கையைப் படித்திருந்ததால், பழைய சர்வரை இன்னும் அணைக்கவில்லை. அதன் அஞ்சல் பதிவேட்டில் ஏழு நாள்கள் தொடர்ந்து எதுவும் விழாதிருந்தால் அணைப்பதாக இருந்தேன். நாற்பது டொமைன்கள் அடங்கிவிட்டன. ஒன்றுக்கு மட்டும் நேற்றும் மூன்று மடல்கள் வந்தன: அந்த அலுவலகத்தின் ஸ்கேனர் அனுப்புபவை. அதில் பழைய ஐபி எண்ணை யாரோ நேரடியாகப் பதிந்துவைத்திருக்கிறார்கள். அதன் நிர்வாகக் கடவுச்சொல்லை இப்போது அங்கே தேடிக்கொண்டிருக்கிறார்கள்.