ஊர்மக்களுக்கான சிறிய ஓவியக்கூடம்: கண்காட்சியையும் பயிலரங்கையும் எப்படி அமைப்பது?

அரசலாற்றங்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமான பழைய வீட்டின் முன்பகுதியை, அதாவது திண்ணை, ரேழி எனும் வாசல் நடை, முற்றத்தைச் சுற்றியுள்ள கூடம் ஆகியவற்றை, ஊர்மக்கள் எவரும் கட்டணமின்றி வந்து பார்க்கக்கூடிய சிறிய ஓவியக்கூடமாக நடத்த நானும் நண்பர்கள் சிலரும் முடிவு செய்திருக்கிறோம். எங்கள் ஊரில் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே பயின்று வெளிவரும் இளைஞர்கள் தங்கள் படைப்புகளைக் காட்சிக்கு வைக்கச் சென்னையையோ புதுச்சேரியையோ நாட வேண்டியிருப்பது எங்களுக்கு நெடுநாளைய வருத்தம். சுற்றுப்புறத்தில் சுவாமிமலை வெண்கல வார்ப்புச் சிற்பமும், தஞ்சாவூர் ஓவியமும், துணியில் கையால் எழுதி வண்ணமிடும் சிக்கல்நாயக்கன்பேட்டைக் கலம்காரியும் இன்றும் உயிரோடு இருக்கின்றன. ஆயினும், கோயிலுக்கும் கடைக்கும் வெளியே அவற்றை நின்று நிதானமாகப் பார்ப்பதற்கென்று ஊருக்குள் ஓர் இடம் வேண்டும் என்று நினைக்கிறோம்.

எங்களுக்குத் தெளிவில்லாதவை சில. சுண்ணாம்புக் காரை பூசிய பழைய சுவரில் ஆணி அடிக்க மனம் வரவில்லை. படங்களை எவ்வாறு மாட்டுவது? ஒரு கண்காட்சியை எத்தனை நாள் வைத்திருக்கலாம்? மாதந்தோறும் பயிலரங்கு நடத்த விரும்புகிறோம். அதற்குக் கட்டணம் வாங்குவது முறையா? பயிலரங்கில் கலந்துகொள்வோர் செய்தவற்றைக் கலைஞர்களின் படைப்புகளோடு ஒரே சுவரில் வைக்கலாமா என்பதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

சட்டமும்சுவரும்

சென்னையில் சில ஓவியக்கூடங்களில் படங்களைக் காட்சிக்கு அமைக்கும் பணியில் இருந்தவன் என்ற முறையில், முதலில் சுவரைப் பற்றிச் சொல்கிறேன். தாங்கள் ஆணி அடிக்கத் தயங்குவது மிகச் சரி. சுண்ணாம்புக் காரையில் ஒரு முறை விழுந்த துளை நாளடைவில் பொரிந்து பெரிதாகும். ஒவ்வொரு கண்காட்சிக்கும் புதுத் துளை என்றால் சில ஆண்டுகளில் சுவரே பாழாகிவிடும். மேலே மர உத்திரத்தை ஒட்டி ஓர் இரும்புத் தண்டையோ அலுமினியத் தண்டவாளத்தையோ ஒரே முறை உறுதியாகப் பொருத்திவிட்டு, அதிலிருந்து மெல்லிய எஃகுக் கம்பிகளைத் தொங்கவிட்டு, வேண்டிய உயரத்தில் கொக்கியை இறுக்கிப் படத்தை மாட்டுங்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 145 முதல் 152 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது ஓவியக்கூடங்களில் பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. குழந்தைகள் அதிகம் வருவார்கள் என்றால் சற்றே தாழ்த்திக்கொள்வதில் தவறில்லை.

முற்றம் உள்ள வீட்டில் வெளிச்சம் ஒரு பேறு. ஆனால் அதுவே படங்களுக்குப் பகையாகவும் ஆகும். தாளில் வரைந்த நீர்வண்ண ஓவியங்களுக்கும் இயற்கைச் சாயமிட்ட துணிகளுக்கும் 50 லக்ஸ் (ஒளியின் அடர்வை அளக்கும் அலகு) அளவுக்கு மேல் ஒளி படக்கூடாது என்றும், எண்ணெய் வண்ண ஓவியங்கள் 200 லக்ஸ் வரை தாங்கும் என்றும் அருங்காட்சியகங்கள் வரையறுத்திருக்கின்றன. ஒளியால் நேரும் சேதம் சேர்ந்துகொண்டே போவது. ஒரு முறை மங்கிய நிறம் திரும்ப வராது. ஆகவே வெண்கலம், சுடுமண், கல் ஆகியவற்றை முற்றத்தைச் சுற்றி வையுங்கள். எண்ணெய், அக்ரிலிக் ஓவியங்களைக் கூடத்தின் உட்சுவரில் மாட்டுங்கள். தாளும் துணியும் ரேழிக்கோ உள்ளறைக்கோ போகட்டும். கண்காட்சியின் கால அளவுக்கும் இதுவே ஒரு காரணம்: தாள் ஓவியங்களை ஆறு வாரங்களுக்கு மேல் தொடர்ந்து வைத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று, ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காவிரிப் படுகையில் காற்றின் ஈரம் எந்த அளவுக்கு ஏறும் என்பது தாங்கள் அறியாததன்று. அந்தக் காலத்தில் தாள் ஓவியங்களை வைத்தால் பூஞ்சை பிடிக்கும். சட்டத்தின் பின்னட்டை சுவரோடு ஒட்டியிருந்தால் இன்னும் விரைவாகப் பிடிக்கும். சட்டத்தின் பின்புறம் கீழ் மூலைகளில் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டி, காற்றுப் போக இடைவெளி விடுங்கள். என்னைக் கேட்டால், மழைக்கால இரண்டு மாதங்களையும் சுவாமிமலைச் சிற்பங்களுக்கும் சுடுமண் வேலைப்பாடுகளுக்கும் ஒதுக்கிவிடுவேன். வெண்கலமும் ஈரத்தை விரும்புவதன்று. ஆயினும் வாரம் ஒரு முறை உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்துவந்தால் காப்பாற்றிவிடலாம்.

படைப்பைப் பெறும் அன்றே அதன் நிலையை நிழற்படத்தோடு எழுதி, கலைஞரும் தாங்களும் கையொப்பமிடுங்கள். விலை, கூடத்தின் பங்கு, போக்குவரத்துச் செலவு, சேதம் நேர்ந்தால் யார் பொறுப்பு ஆகியவை அந்த ஒரே தாளில் அடங்கிவிடும். படம் விற்றாலும், எழுத்து மூலம் எழுதிக் கொடுக்காத வரையில் அதன் பதிப்புரிமை கலைஞரிடமே இருக்கும் என்பதையும், 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் தம் பெயரால் அறியப்படும் உரிமையைக் கலைஞருக்குத் தனியே உறுதி செய்கிறது என்பதையும் வாங்குவோருக்குச் சொல்ல வேண்டியது கூடத்தின் கடமை. அண்டை வீட்டார் அன்போடு பழைய தஞ்சாவூர் ஓவியங்களைக் காட்சிக்குக் கொண்டுவரக்கூடும். நூறாண்டு கடந்த ஓவியம் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருளாகும். பதிவு செய்யப்பட்டதா என்று கேட்டறிந்த பின்னரே ஏற்றுக்கொள்ளுங்கள்.

கடுக்காய்க்கறை

மேலே எழுதியவர் சுவரைப் பார்த்துக்கொண்டார். நான் பயிலரங்கைப் பற்றி எழுதுகிறேன். பள்ளியில் ஓவிய ஆசிரியராகப் பல்லாண்டு பணியாற்றியதில் எனக்கு உறுதியாகத் தோன்றும் ஒன்று உண்டு. கண்காட்சி ஒரு பக்கமும் பயிலரங்கு வேறொரு பக்கமுமாக நடந்தால், சிறிய கூடம் விரைவில் களைத்துப்போகும். சுவரில் எது இருக்கிறதோ அதிலிருந்தே அந்த மாதத்தின் பயிலரங்கு பிறக்க வேண்டும். கலம்காரி தொங்கும் மாதத்தில் காகிதப் பூச் செய்யக் கற்றுக்கொடுத்தால், வந்தவர் பூவை எடுத்துக்கொண்டு துணியைப் பாராமலே போய்விடுவார்.

கலம்காரியையே எடுத்துக்கொள்வோம், அது தங்கள் பக்கத்துக் கலை. சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் கருப்பூரிலும் கோயில் தேருக்கும் மண்டபத்துக்குமான தொம்பை (உருளை வடிவில் தொங்கவிடும் துணி), தோரணம், குடைத்துணி ஆகியவற்றைக் கையால் எழுதி வண்ணமிடுகிறார்கள். கருப்பூர்க் கலம்காரிக்கு 2021ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. கலம்காரிக்கு ஆதாரமான வேதியியலை ஒரே காலைப்பொழுதில் சிறுவர்களுக்கும் காட்டிவிடலாம். பருத்தித் துணியைக் கடுக்காய்த் தூளும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்து முன்கூட்டியே காயவைத்திருங்கள். பாலின் கொழுப்பு, மை துணியில் பரவாமல் தடுக்கிறது. துருப்பிடித்த இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் இரண்டு மூன்று வாரம் புளிக்கவைத்தால் கிடைக்கும் நீர் பார்ப்பதற்கு வெளிறியே இருக்கும். மூங்கில் குச்சியில் துணி சுற்றிய எழுதுகோலை அதில் தோய்த்து, கடுக்காய் ஏறிய துணியில் கோடிழுத்தால், கடுக்காயின் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து, கோடு கண்ணெதிரே கறுக்கும். அந்தக் கணத்தில் வியந்து நிற்காத குழந்தையை நான் பார்த்ததில்லை. அதே துணியில் படிகார நீரால் எழுதிக் காயவைத்து, சிவப்புச் சாயம் தரும் சாயவேர் ஊறிய நீரில் கொதிக்கவிட்டால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். இதைத் தன் கையால் செய்தவர் எழுந்து சுவரில் உள்ள தொம்பையின் முன் போய் நிற்கும்போது, எந்தக் கோடு முதலில் வந்தது, எந்த நிறம் எத்தனை முறை தண்ணீரைக் கண்டது என்று அவர் கண் தானாகவே தேடத் தொடங்குகிறது. அதற்காகத்தான் பயிலரங்கு.

கற்பிக்க வருபவர் அந்தக் கலையைச் செய்பவராகவே இருக்கட்டும். அவரைச் செய்துகாட்டுபவராக ஒரு மூலையில் உட்காரவைத்துவிட்டு வேறொருவர் விளக்கவுரை ஆற்றும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அது எனக்குச் சிறிதும் ஏற்புடையதன்று. அவரே ஆசிரியர், அவருக்குரிய ஊதியத்தை, ஒரு நாள் வேலை இழப்பையும் பயணச் செலவையும் சேர்த்து, அன்றே கொடுத்துவிடுங்கள். ஓர் ஆசிரியருக்குப் பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம்.

வெயில் காலத்தில் சயனோடைப் எனும் நீலப்படிவ முறையை முயன்று பாருங்கள். 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த இந்த முறைக்கு இருட்டறையோ கருவியோ தேவையில்லை. இரண்டு இரும்பு உப்புக் கரைசல்களைக் கலந்து தாளில் பூசி நிழலில் உலர்த்தி, மேலே ஓர் இலையை வைத்துச் சில நிமிடம் வெயிலில் காட்டிவிட்டுத் தண்ணீரில் அலசினால், நீலப் பின்னணியில் இலையின் வெள்ளை உருவம் நிற்கும். கரைசலைக் கலப்பதும் பூசுவதும் பெரியவர்கள் கையுறையோடு செய்ய வேண்டியவை. நிழற்படக் கண்காட்சி நடக்கும் மாதத்துக்கு இது பொருந்தும்.

ஈஞ்சம்பாக்கத்தார்

கட்டணத்தைப் பற்றி மட்டும் என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். கலை என்றால் இலவசமாகத்தான் தர வேண்டும் என்ற எண்ணம் நல்ல உள்ளங்களில்தான் தோன்றுகிறது; ஆனால் நன்கொடை நின்ற நாளில் கூடமும் நின்றுபோவதற்கு அதுவே காரணமாகிறது. சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலக் கலைஞர் கிராமத்தின் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த இளம் ஓவியர்களும் சிற்பிகளும் அதைத் தொடங்கியபோது, ஓவியம் விற்றுப் பிழைக்கலாம் என்ற நிலை சென்னையில் இல்லை. பாத்திக் (மெழுகு பூசிச் சாயமிடும்) துணி முதலிய கைவினைப் பொருள்களைத் தாங்களே செய்து விற்று, அந்த வருவாயில்தான் கடற்கரையோர நிலத்தை வாங்கிக் குடியேறினார்கள். கைவினை வயிற்றைப் பார்த்துக்கொண்டதால், ஓவியத்தை யாருடைய விருப்பத்துக்கும் வளைக்காமல் வரைய முடிந்தது. அங்கே சென்னைக் கலை இயக்கத்துக்கான அருங்காட்சியகம் 2009இல் திறக்கப்படும் அளவுக்கு அந்த ஏற்பாடு நிலைத்தது.

தங்களுக்கும் அதே வழியைத்தான் சொல்வேன். கண்காட்சியைப் பார்ப்பதற்குக் கட்டணம் கூடாது. பெரியவர்களுக்கான பயிலரங்குக்குக் கட்டணம் வாங்குங்கள், அதில் ஒரு பகுதியைக் கொண்டு தெருப்பிள்ளைகளுக்கும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் இலவசமாக நடத்துங்கள். விற்பனையில், பெருநகரத் தனியார் கூடங்கள் பலவும் விலையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை எடுத்துக்கொள்கின்றன. தாங்கள் அவ்வளவு எடுக்க வேண்டியதில்லை. ஆனால் எதுவுமே எடுக்காமல் இருக்கவும் வேண்டாம்.

திறந்திருக்கும் நேரத்தையும் ஊரை ஒட்டியே அமைத்துக்கொள்ளுங்கள். கும்பகோணத்தில் நண்பகலுக்குப் பின் கோயில் நடை சாத்திவிட்டால், வெளியூர் யாத்ரீகர்கள் மாலை நான்கு மணி வரை இருக்க இடமின்றி அலைகிறார்கள். அந்த நேரத்தில் கூடம் திறந்திருந்தால், மின்விசிறியும் குடிநீரும் இருந்தால், அவர்கள் வருவார்கள். உள்ளூர்க்காரர்கள் மாலையில் வருவார்கள். 2028இல் மகாமகம் வருகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சட்டமும்சுவரும்

ஒரே சுவரில் வைப்பதா என்ற கேள்விக்கு நான் பதில் எழுதாமல் விட்டுவிட்டேன். என் கருத்து, வேண்டாம் என்பதே. இதை மேட்டிமையால் சொல்லவில்லை. பல மாதம் உழைத்த படைப்புக்கு அருகே ஒரு காலையில் செய்தது இருந்தால், பார்ப்பவர் இரண்டையும் ஒப்பிடுவார். அது பயில்வோருக்குத்தான் அநீதி.

கடுக்காய்க்கறை

இதில் ஐயா அவர்களோடு ஓரளவு மாறுபடுகிறேன். ஒரே சுவர் வேண்டாம் என்பது சரி. ஒரே கூரை கட்டாயம் வேண்டும். திண்ணையை ஒட்டிய சுவரைப் பயில்வோருக்கென்றே நிலையாக ஒதுக்கி, கலைஞர்களின் படைப்புகளுக்கு எழுதுவது போலவே அவர்களுக்கும் பெயர், ஆண்டு, செய்முறை ஆகியவற்றைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். தன் மகளின் பெயரைத் திண்ணையில் பார்த்த தாய், ரேழியைத் தாண்டி உள்ளே வருவார். ஓவியக்கூடம் என்பது தமக்கான இடமில்லை என்று எண்ணும் பெரும்பாலோருக்கு, உள்ளே கால் வைப்பதே கடினமாக இருக்கிறது.

அரசலாற்றங்கரை

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் என் நன்றி. தங்கள் கருத்துகளை நண்பர்களோடு கலந்து பேசினோம். மழை ஓய்ந்து தை பிறந்ததும் கலம்காரியோடு தொடங்குவது என்றும், ரேழியில் துணிகளும் திண்ணைச் சுவரில் பயில்வோரின் வேலையும் இருக்கும் என்றும் முடிவாயிற்று. ஓர் ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது. பள்ளியிலிருந்து ஒரு வகுப்பு முழுவதும், ஏறத்தாழ நாற்பது பிள்ளைகள், ஒரே நேரத்தில் வந்தால் என்ன செய்வது?

கடுக்காய்க்கறை

இரண்டு குழுவாகப் பிரித்துவிடுங்கள். ஒரு குழு உள்ளே பார்க்கட்டும், மற்றொன்று திண்ணையில் வரையட்டும். அரை மணி நேரத்தில் இடம் மாறட்டும். உள்ளே செல்லும் பிள்ளையின் கையில் நடுவே சதுரமாக வெட்டிய ஓர் அட்டையைக் கொடுங்கள். துணி முழுவதையும் பார்க்கச் சொல்லாமல், அந்தச் சதுரத்தின் வழியே தெரியும் ஒரே ஒரு யாளியையோ பூவிதழையோ தேர்ந்துகொண்டு, திண்ணைக்கு வந்து நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். முதலில் திண்ணையில் அமரும் குழுவுக்கு தம் வீட்டு வாசலில் அன்று பார்த்த கோலத்தை வரைவது தொடக்கமாக இருக்கட்டும்.

இதைவிட முக்கியம், பிள்ளைகள் வருவதற்கு முந்திய வாரமே அந்தப் பள்ளியின் ஓவிய ஆசிரியரைத் தனியாக அழைத்துத் துணிகளைக் காட்டுவதுதான். பல பள்ளிகளில் அவர் பகுதிநேர ஆசிரியர். ஓவிய வகுப்புக்கான நேரமும் அடிக்கடி வேறு பாடத்துக்குப் போய்விடும். அவரோடு அமர்ந்து அன்றைய பயிற்சியை இருவருமாகத் திட்டமிடுங்கள். கடுக்காய்த் தூளும் துணியும் சிறிது கொடுத்தனுப்புங்கள்.