மறு: ‘கட் டு தி சேஸ்’ - தமிழில் எப்படி?

> ‘சுருங்கச் சொல்லல்’ என்றே வைத்துக்கொள்ளலாமே, நன்னூலிலேயே இருக்கிறது.

வணக்கம் ஐயா. ‘கட் டு தி சேஸ்’ (cut to the chase), அதாவது முன்னுரையை விட்டு நேராக விஷயத்துக்கு வா என்பதற்கு, நம் சொற்பட்டியலில் சேர்க்கத் தமிழ் தேடுகிறோம். நன்னூல் சொல்லும் பத்து அழகில் முதலாவது ‘சுருங்கச் சொல்லல்’தான், சரி. ஆனால் அது நீளத்தைப் பற்றிய பேச்சு. ஒருவர் நாலே வரி பேசுகிறார், நாலும் முன்னுரையாகவே போகிறது என்றால் அங்கே சுருக்கத்துக்குக் குறைவில்லை, விஷயம்தான் வரவில்லை. ஆங்கிலத்தில் இந்தத் தொடர் எழுவது அந்த இடத்தில்.

பிறந்த கதையும் அப்படித்தான். ஊமைப்படக் காலத்து ஹாலிவுட்டில், கீஸ்டோன் கம்பெனியின் கோமாளிப் போலீஸ்காரர்கள் ஓடிய மாதிரிப் படங்களில், துரத்தல் (‘சேஸ்’) வந்தால்தான் கொட்டகை களைகட்டும். நடுவில் இருப்பதை விட்டுவிட்டுத் துரத்தலுக்குத் தாவு என்பது திரைக்கதைக் குறிப்பு. 1929-இல் வெளியான ஒரு ஹாலிவுட் நாவலிலேயே அந்தக் குறிப்பு வருகிறது. ஆக, இந்த ‘கட்’ குறைக்கிற கட் இல்லை, காட்சி மாற்றுகிற கட்.

> ‘வெட்டு ஒன்று துண்டு இரண்டு’?

அதில் கறார் ஏறிவிடுகிறது. மூக்குடைக்கிற பதிலுக்கு அதை வைத்துக்கொள்வோம்.

என் ஓட்டு ‘பீடிகை’க்கு. எங்கள் பெரியம்மாவிடம் கைமாற்று கேட்க வருகிறவர்கள் முதலில் மழையை விசாரிப்பார்கள், அப்புறம் மாட்டை, அப்புறம் என் படிப்பை. படிப்பு வரைக்கும் வந்துவிட்டால் தொகை கொஞ்சம் பெரிது என்று அர்த்தம். பெரியம்மா முறத்திலிருந்து தலையைத் தூக்காமலே, “பீடிகை போதும், எவ்வளவு வேணும்?” என்பார். இதைவிடக் கச்சிதமான மொழிபெயர்ப்பை நான் பார்த்ததில்லை. (மணிமேகலையில் பீடிகை என்பது புத்தரின் பாத பீடம். பீடத்தையே சுற்றிக்கொண்டிருந்தால் சாமியை எப்போது பார்ப்பது!)

நான் சப்டைட்டில் எழுதிப் பிழைக்கிறவன். விசாரணை அறையில் போலீஸ்காரர் மேஜையைத் தட்டி இதைச் சொல்லும்போது எனக்குக் கிடைப்பது ஒன்றரை நொடி. ‘விஷயத்துக்கு வா’ என்று போடுவேன். எதிரில் இருப்பவர் பெரிய மனிதர் என்றால் ‘வாங்க’. அங்கே புதுச்சொல் எதுவும் தேவைப்படவில்லை.

சொற்பட்டியலுக்குப் பெயர்வடிவம் வேண்டும் என்கிறீர்கள், அதனால் ‘பீடிகை தவிர்த்தல்’ என்று பதியலாம். நேற்று ஒருவர் எழுதிய ‘பீடிகை விடுதல்’ மட்டும் வேண்டாம். ‘கதை விடுதல்’ பக்கத்திலேயே நிற்கிறது, கேட்பவருக்குத் தலைகீழாகப் புரியும்.