ஆடி மாதம் கல்யாண நோட்டீஸ் கொடுக்கலாமா? குன்னூரில் பதிவுத் திருமணம்

தேயிலைத்தூள்:
குன்னூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில் இருக்கிறோம். எனக்கு 27, நான் கட்டிக்கொள்ளப் போகிறவருக்கு 30. நாங்கள் இந்து, அவர் வீட்டில் கிறிஸ்தவம், சொந்த ஊர் எர்ணாகுளம், வேலை கோயம்புத்தூரில். இரண்டு வீட்டிலும் சம்மதம்தான், ஆனால் யாரும் மதம் மாறப் போவதில்லை என்பதால் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்துவிட்டு அன்றைக்கே மண்டபத்தில் சாப்பாடு போடலாம் என்று பேசி முடித்து, ஆவணி 25க்கு மண்டபத்துக்கு அட்வான்சும் கொடுத்தாகிவிட்டது. இப்போது பார்த்தால் ரிஜிஸ்டர் ஆபீஸில் 30 நாளுக்கு முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டுமாம். இன்று ஆடி 6. அம்மாவோ ஆடி முடியாமல் கல்யாணப் பேப்பரில் கை வைக்கக் கூடாது என்று ஒரே பிடிவாதம். ஆவணி ஒன்றாம் தேதி கொடுத்தால் எப்படியாவது சமாளிக்க முடியுமா? ஆன்லைனில் மட்டும் இப்போது போட்டு வைத்தால் போதுமா? இன்னொன்று, நோட்டீஸை ஆபீஸ் பலகையில் ஒட்டுவார்கள் என்கிறார்கள். அவருடைய பெரியப்பாவுக்கு இன்னும் விஷயம் தெரியாது.

கோத்தகிரிக்காரி:
முதலில் அம்மாவிடம் ஒரு கணக்கைச் சொல்லுங்கள். ஆவணி 1ல் நோட்டீஸ் கொடுத்தால் 30 நாள் முடியும்போது புரட்டாசி வாசலில் நிற்கும். புரட்டாசியில் கல்யாணம் வைக்க அம்மா ஒத்துக்கொள்வாரா? அப்புறம் ஐப்பசிதான். மண்டப அட்வான்ஸ் போச்சு. ஆடியைத் தவிர்க்கப் போய் புரட்டாசியில் மாட்டிக்கொள்வீர்கள்.

ஆன்லைன் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். 2024 ஐப்பசியில் எங்களுக்கு. பதிவுத்துறையின் இணையதளமான டிஎன்ரெஜிநெட்டில் படிவத்தை நிரப்பி, வந்த எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, அன்றிலிருந்து 30 நாள் ஓடுகிறது என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். 32வது நாள் மூன்று சாட்சிகளோடு போய் நின்றால், நீங்கள் இரண்டு பேரும் நேரில் வந்து நோட்டீஸில் கையெழுத்தே போடவில்லையே, எந்த நாளிலிருந்து எண்ணுவது என்றார்கள். எந்த ஆபீஸ் என்று சொல்லப் போவதில்லை, அவர்கள் மேல் தப்பும் இல்லை. ஆனால் என் மாமா திருப்பூரிலிருந்து வாடகைக் காரில் வந்திருந்தார். நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு வேண்டிய இ-பாஸ் எடுக்காமல் கிளம்பி, மலையடிவாரத்துக் கல்லாறில் முக்கால் மணி நேரம் நின்று, போனிலேயே அதை எடுத்து, கையிலிருந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலையும் பறிகொடுத்துவிட்டு மேலே வந்தவர். அவரிடம் போய் 'மாமா, அடுத்த மாசம் திரும்ப வரணும்' என்று சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினோம்.

அதனால் இரண்டு பேரும் நேரில் போங்கள், கையெழுத்துப் போடுங்கள், எந்தத் தேதியில் நோட்டீஸ் ஏறியது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆதாரிலும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்று ராத்திரியே பாருங்கள். எனக்கு ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால். அதற்கே ஒரு நாள் போனது.

பத்திரத்தாத்தா:
அம்மா, முப்பது வருஷம் பத்திர எழுத்தராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். 1954ஆம் வருஷத்துச் சட்டம் இது. பிரிவு 5ன்படி இருவரில் ஒருவராவது நோட்டீஸ் கொடுப்பதற்கு முன் 30 நாள் அந்த மாவட்டத்தில் குடியிருந்திருக்க வேண்டும். நீ நீலகிரியில்தான் இருக்கிறாய், ஆகவே அந்தக் கவலை இல்லை. நோட்டீஸ் வெளியான நாளிலிருந்து 30 நாள், யாராவது ஆட்சேபம் சொல்வதற்கான அவகாசம். யார் என்ன ஆட்சேபம் சொன்னாலும் செல்லிவிடாது. ஏற்கெனவே கல்யாணமாகித் துணை உயிரோடு இருக்கிறாரா, ஆணுக்கு 21ம் பெண்ணுக்கு 18ம் ஆனதா, மனநிலை சரியாக இருக்கிறதா, விலக்கப்பட்ட உறவா, இந்த மாதிரி பிரிவு 4ல் உள்ளவை மட்டும்தான். 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று பெரியப்பா எழுதிக் கொடுத்தால் அது காகிதம், அவ்வளவுதான்.

ஆனால் பெரியப்பா விஷயத்தில் ஒன்று கவனி. மாப்பிள்ளையின் நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால், நோட்டீஸின் நகல் அந்த ஊர் திருமண அதிகாரிக்கும் போகும், அங்கேயும் பலகையில் ஒட்டுவார்கள். எர்ணாகுளத்துச் சுவர் சொல்வதற்கு முன் மாப்பிள்ளையை நேரில் போய்ச் சொல்லச் சொல்.

கொடுத்த நோட்டீஸ் மூன்று மாதம் வரை செல்லும், அதற்குள் கல்யாணம் நடக்காவிட்டால்தான் புதிதாகக் கொடுக்க வேண்டும். ஆகவே ஆடியில் கொடுத்தால் ஆவணி 25 தாராளமாக உள்ளே வரும்.

யாரும் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் கூட்டுக் குடும்பச் சொத்தாகத் தேயிலைத் தோட்டம் ஏதும் இருந்தால் பிரிவு 19ஐ ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள். கூட்டுக் குடும்பத்தில் உள்ள இந்து ஒருவர் வேறு மதத்தவரை இந்தச் சட்டத்தில் கல்யாணம் செய்தால், குடும்பத்திலிருந்து பிரிந்ததாகச் சட்டம் கருதும். பங்கு போய்விடும் என்று அர்த்தம் இல்லை, பிரிவு 20 அதைக் காக்கிறது. இரண்டு பேரும் இந்து என்றால் இந்தப் பேச்சே கிடையாது. பின்னால் அண்ணன் தம்பி யாராவது வாயெடுப்பதற்கு முன் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

மேகமூட்டம்:
ஏன் இவ்வளவு சிரமம்? ஆவணி 25ல் மண்டபத்தில் உங்கள் இஷ்டப்படி நடத்திவிட்டு, பின்னால் பதிவு செய்துகொள்ளலாமே, பிரிவு 15 இருக்கிறதே.

பத்திரத்தாத்தா:
இருக்கிறது, ஆனால் அதற்கும் அறிவிப்பு ஒட்டி 30 நாள் காத்திருக்க வேண்டும். அதுவரை கையில் சான்றிதழ் கிடையாது. சம்மதத்தோடு நடக்கிற கல்யாணத்துக்கு எதற்கு அந்தச் சுற்று?

ஊட்டி_டு_சான்ஹோசே:
படிக்கும்போது சிரிப்பாகவும் இருக்கிறது, பொறாமையாகவும் இருக்கிறது. நாங்கள் கலிபோர்னியாவில் சான்டா கிளாரா கவுன்ட்டி ஆபீஸில் கல்யாண லைசென்ஸ் வாங்கினோம். இரண்டு பேரும் பாஸ்போர்ட்டோடு போனோம், கட்டணம் கட்டினோம், அன்றைக்கே கையில் கொடுத்துவிட்டார்கள். அங்கே காத்திருப்பு கிடையாது, பலகையில் ஒட்டுவதும் கிடையாது. லைசென்ஸ் 90 நாள் செல்லும், அதற்குள் கல்யாணத்தை நடத்தி, நடத்தி வைத்தவர் கையெழுத்திட்டு 10 நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு விதி, டெக்சாஸில் 72 மணி நேரம் பொறுக்க வேண்டும். ஆனால் ஒன்று, எங்கள் பக்கம் யாரும் வரவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த இன்னொரு ஜோடியில் ஒருவரைச் சாட்சியாகக் கூப்பிட்டோம். திருப்பூர் மாமா இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தேயிலைத்தூள்:
எல்லோருக்கும் நன்றி. புரட்டாசிக் கணக்கைச் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் அவரே, சரி, ஆடிப்பெருக்கு அன்று கொடுங்கள், அது நல்ல நாள்தானே என்றார்! ஆடி 18லிருந்து ஆவணி 25 வரை எண்ணிப் பார்த்தேன், 38 நாள் வருகிறது. தாத்தா, தோட்டம் ஒன்றும் இல்லை, நாங்கள் இருப்பதே எஸ்டேட் தொழிலாளர்களுக்கான வரிசை வீடு, லயத்து வீடு. அதுதான் அடுத்த பயம், ஆதாரில் எஸ்டேட் பெயரும் டிவிஷன் பெயரும்தான் இருக்கிறது, கதவு எண் கிடையாது.

கோத்தகிரிக்காரி:
எனக்கும் அப்படித்தான், டிவிஷன் பெயர் மட்டும். ரேஷன் கார்டையும் சேர்த்துக் கொண்டுபோனேன், இரண்டிலும் முகவரி ஒன்றாக இருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்பே ஒரு நாள் போய்க் காட்டிவிடுங்கள். ஆடிப்பெருக்கு அன்று பத்திரம் பதிய வருகிற கூட்டம் அலைமோதும், அன்றைக்குப் போய்த் திருத்தம் எல்லாம் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது.

கல்யாணத்தன்று அதிகாரி முன்னால் ஒருவரையொருவர் பார்த்து ஒரு வரி சொல்ல வேண்டும், சட்டப்படியான கணவராக ஏற்றுக்கொள்கிறேன் என்று. உங்களுக்குப் புரிகிற மொழியில் சொல்லலாம். என்னவர் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைக் குளிரில் பல் தந்தியடிக்க 'மனைவி' என்பதற்குப் பதில் 'கணவர்' என்று சொல்லிவிட்டார். பின்னால் நின்ற மாமா சிரித்த சிரிப்பில் ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போடும்போது என் கை நடுங்கி, இன்றைக்கும் சான்றிதழில் என் பெயர் கோணலாகத்தான் இருக்கிறது. உங்கள் மலையாளத்துக்காரருக்கு இப்போதே சொல்லிக் கொடுக்க ஆரம்பியுங்கள்.

தேயிலைத்தூள்:
அவர் மலையாளத்திலேயே சொல்கிறாராம். பெரியப்பா வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போகிறார்.