புதுப்பிப்பு: 2000 வாட் கீசர் 1700 வாட் மட்டும் எடுத்த காரணம் கிடைத்தது

தண்ணீர் சூடாக நேரமாகிறது, காயில் போய்விட்டதா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "கீசர் ஓடும்போது வோல்டேஜ் பாருங்கள்" என்ற யோசனைதான் சரியாக வந்தது.

காயில் நன்றாகவே இருக்கிறது. பிளக்கைக் கழற்றி அளந்தால் அதன் மின்தடை 26.4 ஓம், 230 வோல்ட்டில் 2000 வாட் எடுக்க வேண்டிய காயிலுக்கான 230 × 230 ÷ 2000 கணக்கும் 26.45 தருகிறது.

கீசர் ஓடாதபோது சாக்கெட்டில் 226 வோல்ட், ஓடும்போது 212. வயரைச் சுற்றிப் பிடித்து கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் முதலில் பூஜ்யம் காட்டியது, முழு கேபிளையும் சேர்த்துப் பிடித்ததால் (போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும்). ஃபேஸ் வயரை மட்டும் பிடித்ததும் 8.03 ஆம்பியர். அதாவது 212 × 8.03 = 1702 வாட்.

குறைந்த 14 வோல்ட்டை 8.03-ஆல் வகுத்தால் 1.74 ஓம். வயருக்கு மட்டும் இது மிக அதிகம். மெயினை அணைத்து சாக்கெட்டைத் திறந்தால், நியூட்ரல் திருகு தளர்ந்து செம்பு கறுத்துப் போயிருந்தது, பிளாஸ்டிக்கும் உருகத் தொடங்கியிருந்தது. இப்படி இருந்தால் உடனே நிறுத்திவிடுங்கள், தீப்பிடிக்கும்.

கருகிய நுனியை வெட்டி, புது 16 ஆம்பியர் சாக்கெட் போட்டதும் 222 வோல்ட், 8.41 ஆம்பியர், 1867 வாட்.

எதிர்பாராதது: இன்னும் 2000 வரவில்லை. அது பழுதல்ல. பவர் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 இருந்தால்தான் 2000.