பெரிய வீட்டுக் குழு: அண்ணாச்சியின் ஆபரேஷன்

சங்கர்: பயாப்சி (ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துச் செய்த சோதனை) முடிவு வந்துவிட்டது. அப்பாவுக்குப் புராஸ்டேட்டில், அதாவது சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பியில், புற்றுநோய்தான். கிளீசன் மதிப்பெண் 3+4, அதாவது நடுத்தரத் தீவிரம். கட்டி சுரப்பியைத் தாண்டவில்லை என்று ஸ்கேன் சொல்கிறது. சுரப்பியை எடுக்கும் ஆபரேஷனுக்குச் சென்னையில் ரோபோவா, திருநெல்வேலியில் ரோபோ இல்லாமல் சிறு துளை வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பியா என்று முடிவெடுக்க வேண்டும்.

செல்வி: முருகா.

செல்வி: மதினி சாப்பிட்டார்களா?

மணி: செலவு?

சங்கர்: சென்னையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்கிறார்கள், சித்தப்பா.

கண்ணன்: முள்சீத்தாப்பழம் சாப்பிட்டால் கட்டி கரையுமாம். வீடியோ அனுப்புகிறேன்.

கவிதா: கண்ணா, அதை உடனே அழி. பெரிய மாமா பார்த்துவிட்டு ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் யார் பொறுப்பு?

செல்வி: எங்கள் தெரு போஸ்ட்மாஸ்டர் ரோபோவில் செய்து மூன்றாம் நாளே வீடு வந்துவிட்டார்.

மணி: இன்னும் டயாபர் கட்டிக்கொண்டுதான் கடைக்குப் போகிறார். அதையும் சொல், அக்கா.

கவிதா: யூராலஜி (சிறுநீரகவியல்) வார்டில் தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். ரோபோ தானாக அறுப்பதில்லை. டாக்டர் தள்ளி உட்கார்ந்து, வயிற்றில் போட்ட சிறு துளைகள் வழியாக அதன் கைகளை இயக்குகிறார். வயிற்றைத் திறந்து செய்வதைவிட இரத்த இழப்பு குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். இதெல்லாம் உண்மை. ஆனால் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 326 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு ரோபோ, மறு பாதிக்குத் திறந்த ஆபரேஷன் என்று வைத்துப் பார்த்தார்கள். 2018இல் வந்த இரண்டு ஆண்டு முடிவில், சிறுநீரை அடக்குவதிலும் தாம்பத்தியத்திலும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. ஆகவே எந்த இயந்திரம் என்பதைவிட யாருடைய கை என்பதுதான் முக்கியம்.

கவிதா: டாக்டரிடம் கேளுங்கள்: நீங்களே எத்தனை செய்திருக்கிறீர்கள்? ஓராண்டுக்குப் பிறகும் சிறுநீர்க் கசிவுக்குப் பேட் வைப்பவர்கள் எத்தனை பேர்? சுரப்பியை ஒட்டிப் போகும் நரம்புகளை இரண்டு பக்கமும் காப்பாற்ற முடியுமா? எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நரம்பு போனால் விறைப்பும் போகும். முன்கூட்டியே தெரியாமல் பிறகு உடைந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கண்ணன்: அழித்துவிட்டேன், கவிதா.

மணி: அப்படியானால் திருநெல்வேலியே போதும்.

சங்கர்: பணத்துக்காகவா சொல்கிறீர்கள்?

மணி: தாத்தா ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக்கிடந்தது யார்? நீ ஹாஸ்டலில் இருந்தாய்.

செல்வி: மணி, அதை இப்போது எடுக்காதே.

மணி: தெற்கு விளை நிலத்தை விற்றுச் சென்னையிலேயே செய்யுங்கள். நான் கையெழுத்துப் போடுகிறேன். இந்தத் தடவை அக்காவும் போடட்டும்.

செல்வி: நான் எப்போது மாட்டேன் என்றேன்?

சங்கர்: விளையை யாரும் விற்க வேண்டாம்.

சங்கர்: அம்மா குரல் பதிவு அனுப்பியிருக்கிறார்கள். கோவில் கொடைத் திருவிழா முடியும் முன் கத்தி வைக்கக் கூடாதாம்.

கவிதா: அதில் தவறில்லை, அத்தான். பயாப்சி செய்த புண் ஆற எப்படியும் ஆறு வாரம் போல விடுவார்கள். இது நாளைக்கே ஓட வேண்டிய நோயும் அல்ல. பிரிட்டனில் சுரப்பிக்குள்ளேயே கட்டி இருந்த 1,643 பேரை 15 ஆண்டுகள் கவனித்தார்கள். ஆபரேஷன், கதிர்வீச்சு, கண்காணிப்பு என எந்த வழியில் போனவர்களிலும் 100க்கு சுமார் 97 பேர் இந்த நோயால் சாகவில்லை. கதிர்வீச்சு டாக்டரையும் ஒரு முறை பாருங்கள். இடுப்புத் தசைப் பயிற்சியை மட்டும் மாமா இன்றைக்கே தொடங்கட்டும். சிறுநீரைப் பாதியில் அடக்குவதுபோல இறுக்கி, தளர்த்த வேண்டும். ஆபரேஷனில் போடும் சிறுநீர் டியூபை எடுத்த பிறகு கசிவு சில மாதம் இருக்கும், பயப்பட வேண்டாம்.

செல்வி: கொடைக்கு ஆட்டுக்கிடா இரண்டா, மூன்றா?

மணி: இரண்டு போதும்.

கண்ணன்: போன வருடம் பந்தி பற்றவில்லை, அப்பா.

சுப்பையா: எல்லாவற்றையும் படித்தேன். கவிதா, அந்த நரம்பு விஷயத்தை உன் அத்தையிடம் நீ பேசு. எனக்கு வாய் வரவில்லை.

கவிதா: இன்று இரவே பேசுகிறேன், மாமா.

சுப்பையா: மணி, டாக்டரிடம் போகும்போது சங்கரோடு நீயும் வா.

மணி: வருகிறேன், அண்ணாச்சி. எந்த ஊர் டாக்டர்?

சங்கர்: இரண்டு பேரையும் பார்ப்போம்.

சுப்பையா: பந்தல்காரருக்கு முன்பணம் கொடுத்தாயிற்றா?